புலிமேல் ஏறிய சிங்கம்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மெடல் என்று தனியாக யாரும் விற்பதில்லை. பழைய டிரங்க் ரோட்டில் தரைக்கடை போட்டிருப்பவர்களிடம் கிடைப்பது சாவியில்லாத பூட்டு, காமாட்சி விளக்கு, மர்ஃபி ரேடியோ, ஓடாத கடிகாரம், புறா, லவ் பேர்ட்ஸ், ரோஜாக்கன்று. மெடல் என்பது அந்தப் பூட்டுக் குவியலுக்கு அடியில் கிடக்கிற வட்டமான ஏதோ ஒன்று. காசு என்று சொல்ல முடியாது, பெரிதாக இருக்கும். டாலர் என்றும் சொல்ல முடியாது, சாமி படம் இருக்காது. அதனால் கடைக்காரர் ஆளைப் பார்த்துத்தான் விலை சொல்வார்.

"பாய், இது என்ன வெல?"

"எது சார், அந்த ராணியா? ஆயிரம் குடுங்க."

"இது ராணி இல்ல பாய். ஆம்பள. தாடி இருக்கு பாருங்க."

"அப்டியா? அப்ப ஆயிரத்தி ஐநூறு."

அந்தத் தாடிக்காரர் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட். பிறகு ஏழாம் எட்வர்டாகப் பட்டத்துக்கு வந்தவர். மெடல், லண்டனில் 1886-ல் நடந்த 'காலனி, இந்தியக் கண்காட்சி'க்காக லெனார்ட் வயன் செதுக்கியது. 51 மி.மீ. வெண்கலம், பின்பக்கம் ஓர் இலை வளையத்துக்குள் கண்காட்சியின் பெயர், வேறொன்றும் இல்லை. இந்த வியாபாரத்தில் புதிதாகக் கால் வைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். அதிகம் அடிக்கப்பட்டது, போலி செய்ய யாருக்கும் லாபமில்லாதது, கையில் எடுத்தால் நல்ல அச்சு எப்படி இருக்கும் என்று விரலுக்கே தெரிந்துவிடும்.

என் பிழைப்பு கிண்டித் தொழிற்பேட்டையில் டை அடிக்கும் வேலை. எஃகுக் கட்டையில் உருவத்தைக் குடைந்து, காய்ச்சிக் கெட்டிப்படுத்தி, பிரஸ்ஸில் மாட்டித் தகட்டின்மேல் அறைவது. வாஷரும் கிளாம்பும் செய்தவனுக்கு விக்டோரியாவின் முகத்திரை மடிப்பைப் பார்த்ததும் உண்டான பிரமிப்பில்தான் இந்தப் பழக்கம் தொற்றியது. முதலில் சேர்த்தேன். இடம் போதாமல் போனதும் விற்கத் தொடங்கினேன். இப்போது தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்பவர்களுக்குத் தேடிக் கொடுப்பதும் மெடல் அசலா என்று பார்த்துச் சொல்வதும்தான் வேலை. என் ஆர்வம் ஒரே ஒரு வகை: பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரசியல் மெடல்கள். போர், பட்டம், ஜூபிலி, சட்டம், ஊர்வலம். அரசாங்கமோ அரசியல்வாதியோ தன் பெருமையை உலோகத்தில் அடித்து ஊருக்குக் கொடுத்தவை.

இவை ஏன் இந்தப் பக்கம் அகப்படுகின்றன என்று கேட்பார்கள். பரங்கிமலையும் பல்லாவரமும் கன்டோன்மென்ட். மதராஸ் பீரங்கிப் படைக்குத் தலைமையிடமே பரங்கிமலைதான். பட்டாளத்தை ஒட்டி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பலர் சுதந்திரத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறினார்கள். பெட்டியில் அடங்காதவை பக்கத்து வீட்டுக்கும், அங்கிருந்து காயலான் கடைக்கும் போயின. இதே பல்லாவரத்தில்தான் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். குனிந்து பார்க்கிறவனுக்கு எதையாவது கொடுக்கும் மண் அது.

சரி, சிங்கத்துக்கு வருகிறேன்.

சேகரிப்பாளர்கள் எல்லோரும் கேட்பது சீரங்கப்பட்டண மெடல். 1799 மே 4-ஆம் தேதி கோட்டை விழுந்தது, திப்பு இறந்தார். அந்த வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் ஸோஹோ ஆலையில் மெடல் அடிக்கச் சொன்னது. செதுக்கியவர் கான்ராட் ஹைன்ரிக் கூச்லர் என்ற ஜெர்மானியர். புது நூற்றாண்டு பிறந்த பிறகுதான் அடித்தார்கள். படைக்காரர்கள் கைக்கு அது வந்து சேர 1808 ஆகிவிட்டது. 48 மி.மீ. குறுக்களவு. ஒரு பக்கம், மல்லாந்து கிடக்கும் புலியின்மேல் ஏறி நிற்கும் சிங்கம். மறுபக்கம் கோட்டையை நோக்கிப் பாயும் படை, மேலே உச்சி வெயில். சூரியனை அங்கே வைத்தது அலங்காரத்துக்காக அல்ல, தாக்குதல் தொடங்கியது பகல் ஒரு மணி வாக்கில்.

சிங்கத்துக்குப் பின்னால் ஒரு கொடி பறக்கிறது. அதில் அரபியில் ஒரு வரி: 'இறைவனின் சிங்கமே வெல்லும்'. இந்த வரியைத் திப்பு தன் ஆயுதங்களிலும் கொடிகளிலும் புலிமுகம்போல வளைத்து எழுதி வைத்திருந்தார். வென்றவர்கள் அவருடைய முழக்கத்தையே பிடுங்கித் தங்கள் சிங்கத்தின் தலைக்குமேல் மாட்டிவிட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாயைப் புலி கடித்துக் குதறும் திப்புவின் மரப்பொம்மை இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெடல் அதற்குச் சொன்ன பதில் என்றே எனக்குத் தோன்றும். போரில் அடித்ததோடு விடாமல் படத்திலும் அடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் படத்தைவிட உலோகத்தைப் பாருங்கள் என்பேன் நான். ஒரே அச்சு, ஐந்து உலோகம். தங்கம் பெரிய தளபதிகளுக்கும் கூட்டாளி அரசர்களுக்கும். தங்க முலாம் பூசிய வெள்ளி அடுத்த படி அதிகாரிகளுக்கு. வெறும் வெள்ளி கேப்டன், லெஃப்டினன்ட் போன்றவர்களுக்கு. வெண்கலம் சார்ஜென்ட், ஹவில்தார் வகையறாவுக்கு. சுவரேறிய சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். அதிகாரி எவ்வளவு வீரம் காட்டினார், சிப்பாய் எவ்வளவு ரத்தம் சிந்தினார் என்ற கணக்கெல்லாம் கிடையாது. எந்தப் படியில் நிற்கிறாய் என்பதுதான் கணக்கு. அதைக் காகிதத்தில் எழுதாமல் உலோகத்திலேயே எழுதிவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அடித்தவற்றில் மிக அதிகம் வெள்ளீய மெடல்தான், பல்லாயிரக்கணக்கில். வெண்கலம் அதில் சிறு பங்கு. அப்படியானால் இன்று ஈய மெடல்தானே தெருத்தெருவாகக் கிடைக்க வேண்டும்? இந்தப் பக்கம் எனக்குக் கிடைப்பது வெண்கலம்தான். ஈயம் எங்கே போயிற்று என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் உண்டு, சாட்சி இல்லை. நம் வீட்டு ரசம் வைக்கிற ஈயச்சொம்பு என்ன உலோகம்? அதே வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வீதியில் ஆள் வருவார், அவருக்கும் அதே வெள்ளீயம்தான் வேண்டும். 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு வண்டி வந்த காலம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். தாத்தாவின் தாத்தா வாங்கிய மெடலை அடுப்படிக்காரர்கள் விட்டுவைத்திருப்பார்களா? பல மெடல்கள் ரசத்தில் கரைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பதக்கத்தைக் கொடுத்தார்களே தவிர மாட்டிக்கொள்ள வளையம் வைத்துக் கொடுக்கவில்லை. வாங்கியவர்கள் தாங்களே தட்டானிடம் போய் வைத்துக்கொண்டார்கள். விளிம்பின் உச்சியில் ஓட்டையோ, பற்றவைத்த தடமோ, தடத்தை அரத்தால் ராவி மறைத்த அடையாளமோ இருந்தால் ஐரோப்பிய சேகரிப்பாளர் முகம் சுளிப்பார், விலை பாதியாகும். நான் அதைத்தான் தேடி வாங்குவேன். வளையம் இருந்தால் யாரோ ஒருவர் அதை நெஞ்சில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார் என்று அர்த்தம். பெட்டிக்குள்ளேயே பளபளவென்று இருந்த மெடல் யாரோ ஒரு கனவானின் அலமாரியில் தூங்கியது. எனக்கு நடந்ததுதான் வேண்டும்.

அடுத்தது அசலா போலியா என்ற கேள்வி. இங்கேதான் என் பழைய தொழில் சோறு போடுகிறது. போலிகளில் பெரும்பாலானவை வார்ப்பு. அசல் மெடலை மண்ணிலோ ரப்பரிலோ பதித்து அச்செடுத்து உலோகத்தை ஊற்றுவார்கள். ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் 48 இருக்க வேண்டியது 47-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வெர்னியர் வைத்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவசரப்பட்டுத் தூக்கிப்போட வேண்டாம். கல்கத்தாவில் அடித்த வகை ஒன்று உண்டு, அது பிறவியிலேயே சிறியது, 45 மி.மீ. வாக்கில் இருக்கும். விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடினால் அது வார்ப்பு, இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடம் அந்தக் கோடு. கோட்டை மறைக்க அரம் போட்டிருந்தால் அரத்தின் பல் தெரியும்.

இன்னொன்று, புத்தகத்தில் சொல்வார்கள், பட்டறையில் நின்றவனுக்குச் சட்டென்று பிடிபடும். பத்து மடங்கு லென்ஸை வைத்து எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பாருங்கள். அங்கே சின்னச்சின்னக் குழிகள் இருந்தால், ஒன்று அது வார்ப்பு, இல்லையென்றால் மண்ணில் கிடந்து அரித்தது. குழிகளுக்குப் பதிலாகச் சின்னச்சின்ன மேடுகள், ஊசிமுனை அளவு கொப்புளங்கள் இருந்தால்? டை துருப்பிடித்திருக்கிறது. துரு எஃகில் குழி பறிக்கும். அந்தக் குழிக்குள் உலோகம் ஏறும்போது மெடலில் மேடாக வரும். அப்படியென்றால் அது அசல் டையில், ஆனால் டை பல வருஷம் சும்மா கிடந்த பிறகு அடிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸோஹோ ஆலை கலைக்கப்பட்டபோது பழைய டைகள் பழைய இரும்பாகக் கைமாறின. டெய்லர் என்ற லண்டன் டைக்காரர் அவற்றில் பலவற்றை வாங்கி, சேகரிப்பாளர்களுக்கென்று மறுபடி அடித்து விற்றார். அந்த மறுஅச்சுகளில் துருக்கொப்புளம் சகஜம். இதைப் போலி என்பதா அசல் என்பதா? நான் 'மறுஅச்சு' என்று எழுதிக் கொடுத்து அதற்கேற்ற விலை சொல்வேன். சிலர் அதை மறைத்து விற்கிறார்கள். அது திருட்டு.

ஸோஹோ சரக்கை நன்றாகப் பழக வேண்டுமென்றால் மெடலில் தொடங்க வேண்டாம், காசில் தொடங்குங்கள். மதராஸ் ராஜதானிக்கென்று 1803-லும் 1808-லும் அதே ஆலையில் அடித்த பத்துக் காசு, இருபது காசுச் செப்பு நாணயங்கள் சென்னையில் நாணயம் விற்கிற எந்தத் தட்டிலும் கிடக்கும். இவற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. பிற்காலத்தில் அதிலிருந்து எடுத்த காசுகள் புதுசுபோல இன்றும் விற்பனையில் உள்ளன. அதே சந்தையில், அனுமார் போட்டு '1818 ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்று எழுதிய தகடும் வரும். கம்பெனி அப்படி எதையும் அடித்ததில்லை. அரிசியை இழுக்கும் செம்பு, கோடிக்கணக்கில் விலை போகும் என்று காதில் ஓதுபவரும் அதே தட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பார். அவரிடம் பேச்சுக் கொடுக்காமல் நகர்ந்துவிடுவது நல்லது.

காசையும் மெடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அந்தக் காலத்து மதராஸ் வெள்ளிப் பணத்தில் தமிழும் தெலுங்கும் இருந்தன. இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் கொத்தவால்சாவடியில் யார் வாங்குவார்? மெடலுக்கு அந்தக் கவலை இல்லை. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள். அதற்கான பெரிய மெடல், 58 மி.மீ., தங்கத்திலும் வெள்ளியிலும் வந்தது. அதில் ஆங்கிலம் இருக்கிறது, பாரசீக எழுத்து இருக்கிறது, தேவநாகரி இருக்கிறது. தென்னாட்டு எழுத்து ஒன்றுகூட இல்லை.

அதே நேரத்தில் தெற்கே என்ன நடந்தது? மதராஸ் ராஜதானி தாது வருஷப் பஞ்சத்தில் வெந்துகொண்டிருந்தது. மதராஸ் கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் டெல்லி தர்பாருக்குப் போய் வந்தார். பிறகு பஞ்ச நிவாரண வேலையென்று பட்டினி கிடந்தவர்களை வைத்து நகருக்குள் இணைப்பு வெட்டிய பழைய கால்வாய்க்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. சோழிங்கநல்லூர் பக்கம் பழைய மகாபலிபுரம் சாலைக்கு இணையாக இன்றும் ஓடும் தண்ணீர் அதுதான். டெல்லி மெடலை வாங்க என்னிடம் வருபவர்களுக்கு இந்தக் கதையையும் சேர்த்தே சொல்வேன். விலையைக் கூட்ட அல்ல. இரண்டும் ஒரே வருஷத்துச் சரக்கு.

விக்டோரியாவின் ஜூபிலி மெடல்கள் எளிதாகக் கிடைக்கும், அதனால் மலிவு. 1887-ன் அதிகாரபூர்வ மெடல் கனமானது, 77 மி.மீ., உள்ளங்கை முழுவதையும் அடைக்கும். ராணியின் முகத்தைச் செய்தவர் ஜோசப் எட்கர் போம், பின்பக்கத்தை வரைந்தவர் ஓவியர் ஃப்ரெடரிக் லெய்ட்டன். போமின் கையைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் சேப்பாக்கம் செனட் ஹவுஸுக்குப் போங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் விக்டோரியா சிலை அவர் செய்தது, அதே ஜூபிலிக்கு கோடே கஜபதி ராவ் ஊருக்குக் கொடுத்தது. மெடலிலும் சிலையிலும் கன்னத்துச் சதையை அவர் ஒளிக்கவில்லை. எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

1897-ல் வந்தது வேறு ரகம். ஒரு பக்கம் தாமஸ் பிராக் செய்த கிழவி முகம், மறுபக்கம் அறுபது வருஷத்துக்கு முந்தைய இளம்பெண் முகம், வில்லியம் வயன் வடித்தது. வெண்கலத்தில் 56 மி.மீ. இரண்டு முகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தோன்றும், அவ்வளவு கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் அந்த ஜூபிலி இரவில், ஜூன் 22 அன்று, பூனாவில் கவர்னர் மாளிகை விருந்து முடிந்து வண்டியேறிய பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். நாடெங்கும் பஞ்சம், பம்பாய்ப் பக்கம் பிளேக். மெடலில் இலத்தீனில் நீண்ட ஆயுளும் மகிமையும் வாழ்த்தப்படுகின்றன.

எதற்கு மெடல் இல்லை என்பதையும் ஒரு சேகரிப்பாளர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். திப்புவின் குடும்பத்தை அடைத்துவைத்த வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்தார்கள். அதை அடக்கியதற்கென்று அடித்த மெடல் எதுவும் இத்தனை வருஷத்தில் என் கண்ணில் பட்டதில்லை. சீரங்கப்பட்டண வெற்றிக்கோ மெடலோடு மண்டபமும் உண்டு. அதற்காகக் கட்டிய விருந்து மண்டபம்தான் நம் ராஜாஜி மண்டபம். 1802-ல் திறந்தது. அண்ணாவையும் எம்.ஜி.ஆரையும் கடைசியாகப் பார்க்க ஜனம் வரிசையில் நின்றது அங்கேதான். சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் தாமஸ் பேங்க்ஸ் செய்த கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சிலையின் பீடத்தில், திப்புவின் இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பணயமாக ஒப்படைக்கும் காட்சி இருக்கிறது. அதே காட்சியைக் கூச்லரும் மெடலாகச் செதுக்கினார். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், கல்லில் செய்தவர் பிள்ளைகளின் முகத்துக்கு நேரம் செலவழித்தது தெரியும். கூச்லருக்கு அளவு சின்னது, ஆள்கள் அதிகம்.

இனி பராமரிப்பு. வெண்கல மெடலுக்கு நம் வீட்டில் முதல் எதிரி புளி. வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கும்போது இதையும் தேய்த்துவிடுவார்கள், இப்போது பீதாம்பரி வேறு. ஸோஹோ மெடல்களின் மேல் இருக்கும் காபி நிறம் அழுக்கல்ல, பட்டறையில் வேண்டுமென்றே ஏற்றிய நிறம். உள்ளே இருப்பது செம்பு. தேய்த்தால் அந்தத் தோல் உரிந்து ரோஜா நிறம் வந்துவிடும், பழைய நிறம் திரும்ப வராது. இரண்டாவது எதிரி கடற்காற்று. உப்பு ஏறினால் வெளிர்ப்பச்சையாக, மாவு மாதிரி உதிரும் களிம்பு வரும். கெட்டியான கரும்பச்சைக் களிம்பு வேறு, அதை விட்டுவிடலாம். மாவுக்களிம்பு ஒரு மெடலில் வந்தால் உடனே அதைத் தனியே எடுத்து வையுங்கள், எழும்பூர் அருங்காட்சியகம் மாதிரி இடத்தில் உலோகம் பழகியவரிடம் கேளுங்கள். மலிவான வழவழ பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். நம் வெயிலுக்கு அது கசிந்து பிசுபிசுவென்று ஒட்டி, பச்சையாகக் கறை விடும். நான் பருத்தித்துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு எவர்சில்வர் டப்பாவில் வைக்கிறேன். பார்க்க அழகில்லை, பலன் உண்டு.

லண்டன் ஏலங்களில் இதே மெடல்கள் அடிக்கடி வருவதால் அங்கிருந்தும் என்னைத் தேடி ஆட்கள் வருவதுண்டு. அவர்களுக்குப் புரியாத ஒரு விஷயம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. பர்மிங்காமில் அடித்து, மதராஸ் ஹவில்தார் கழுத்தில் தொங்கி, பல்லாவரத்தில் பூட்டுக்கு அடியில் கிடந்த மெடல் இன்று இந்தியத் தொல்பொருள். பர்மிங்காமுக்குக்கூட அதைத் திருப்பி அனுப்ப வழியில்லை. அதனால் வெளிநாட்டுக் கடிதம் எது வந்தாலும் நான் எழுதும் பதில் ஒன்றுதான்: போட்டோ அனுப்புகிறேன், எடையும் அளவும் சொல்கிறேன், மெடலைப் பார்க்க வேண்டுமென்றால் தாம்பரத்துக்கு ரயில் ஏறி வாருங்கள்.